45 ஆண்டுகள் வாடகை, பிறகு சொந்தம்: நியூயார்க்கின் எட் சலிவன் அரங்கு

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ‘தி லேட் ஷோ’ எனும் தனது பின்னிரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்துடன் நிறுத்தப்போவதாக 2025 ஜூலை 17ஆம் தேதி அறிவித்தது. முற்றிலும் நிதி நிலவரத்தைக் கருதி எடுக்கப்பட்ட முடிவு என்றது நிறுவனம். அதில் அரசியலும் கலந்திருக்கிறது என்று பலர் சந்தேகப்பட்டனர். அதைத் தொடர்ந்த வாக்குவாதம் நிகழ்ச்சியையும் அதன் தொகுப்பாளர் ஸ்டீஃபன் கோல்பேரையும் சுற்றியே நடந்தது. அந்த நிகழ்ச்சி பதிவான கட்டடத்தின் கதை, நிகழ்ச்சியைக் காட்டிலும் நீளமானது.

நியூயார்க் நகரின் பிராட்வேயில், 53ஆம் தெருவுக்கும் 54ஆம் தெருவுக்கும் இடையில் நிற்கிறது எட் சலிவன் அரங்கு. முன்பக்கம் 13 மாடி அலுவலகக் கட்டடம். அதன் பின்னால் கலையரங்கம். சிபிஎஸ் இங்கு 1936ஆம் ஆண்டு வாடகைக்கு வந்தது. 1981ஆம் ஆண்டு குத்தகை முடிந்து வெளியேறியது. வெளியேறி 12 ஆண்டுகள் ஆன பிறகு, 1993 பிப்ரவரியில், அதே கட்டடத்தை விலை கொடுத்து வாங்கியது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் குடியிருந்தபோது வாங்காத வீட்டை, காலி செய்துவிட்டுப் போன பிறகு ஏன் வாங்க வேண்டும்?

தந்தைக்குக் கட்டிய கோயில்

அரங்கைக் கட்டியவர் ஆர்தர் ஹாமர்ஸ்டைன் என்ற நாடகத் தயாரிப்பாளர். அவருடைய தந்தை முதலாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், டைம்ஸ் சதுக்கப் பகுதி நாடகக் கொட்டகைகளின் வட்டாரமாக மாறுவதற்கு முக்கியக் காரணமானவர். சுருட்டுத் தொழிலில் சம்பாதித்ததைக் கொட்டகைகளிலும் இசைநாடகத்திலும் கொட்டியவர். 1906ஆம் ஆண்டு அவர் தொடங்கிய மன்ஹாட்டன் ஆப்பரா ஹவுஸ், நகரின் பெரிய நிறுவனமான மெட்ரோபாலிட்டன் ஆப்பராவை அச்சுறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1910ஆம் ஆண்டு 1.2 மில்லியன் டாலர் கொடுத்து, பத்தாண்டுகளுக்கு இசைநாடகம் நடத்தக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது மெட்ரோபாலிட்டன். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், 1919ஆம் ஆண்டில், முதலாம் ஆஸ்கர் காலமானார்.

அவர் நினைவாகத்தான் மகன் இந்த அரங்கை எழுப்பினார். வடிவமைத்தவர், பிராட்வேயில் பல அரங்குகளைக் கட்டிய ஹெர்பர்ட் ஜே. கிராப். உள்ளே நுழைந்தால் நாடகக் கொட்டகை என்ற எண்ணம் எழாது. ஐரோப்பாவின் பழைய தேவாலயம் ஒன்றின் சாயல்தான் இருக்கும். மேலே குவிமாடம், கூரான வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். தேவாலயச் சன்னல்களில் புனிதர்கள் இருப்பார்கள். இங்கே, முதலாம் ஆஸ்கர் அரங்கேற்றிய இசைநாடகங்களின் காட்சிகள் இருந்தன.

1927 நவம்பர் 30ஆம் தேதி ‘கோல்டன் டான்’ என்ற இசைநாடகத்துடன் அரங்கு திறக்கப்பட்டது. அதன் பாடலாசிரியர்களில் ஒருவர், ஆர்தரின் தம்பி மகனான இரண்டாம் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். பின்னாளில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பாடல்களை எழுதியவர் அவர்தான். சிறு வேடமொன்றில் ஆர்ச்சி லீச் என்ற இங்கிலாந்து இளைஞர் நடித்தார். உலகம் அவரைக் கேரி கிராண்ட் என்ற பெயரில் அறிந்துகொண்டது பிறகு.

அரங்கு திறந்து ஈராண்டுக்குள் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1931ஆம் ஆண்டு ஆர்தர் நொடித்துப்போனார். தந்தைக்காகக் கட்டிய அரங்கு கையைவிட்டுப் போனது. அடுத்த ஐந்தாண்டுகளில் கட்டடம் பெயர் மாறி, கைமாறி, சாப்பாட்டுடன் ஆட்டம் பார்க்கும் கேளிக்கைக் கூடமாகக்கூட இருந்து பார்த்தது.

வானொலிக்கு வந்த குடித்தனம்

அந்தக் கால வானொலியில் நகைச்சுவை, இசை, திறமைப் போட்டிகள் எல்லாம் பார்வையாளர் முன்னிலையில் நடந்தன. கேட்பவர் வீட்டிலிருந்து சிரிக்க வேண்டுமானால், கூடத்தில் யாராவது முதலில் சிரித்தாக வேண்டும். அதற்குப் பெரிய கூடங்கள் தேவைப்பட்டன. பொருளியல் மந்தத்தால் பிராட்வேயில் கொட்டகைகள் பல பூட்டிக் கிடந்தன. கூடம் வேண்டியவர்களும் கூடத்தைச் சும்மா வைத்திருந்தவர்களும் சந்தித்துக்கொண்டார்கள். வானொலி நிறுவனங்கள் வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தன. நிகழ்ச்சிகள் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று தெரியாத புதிய தொழிலில் அதுவே புத்திசாலித்தனம்.

1936ஆம் ஆண்டு சிபிஎஸ் இந்த அரங்கை எடுத்தபோது, ஒலி எதிரொலிக்காமல் இருக்கச் சுவர்களின் பெரும்பகுதியை வழுவழுப்பான வெள்ளைப் பலகைகளால் மூட ஏற்பாடு செய்தது. அந்த வேலையைச் செய்த வில்லியம் லெஸ்கேஸ், நவீனக் கட்டடக்கலையில் பெயர் பெற்றவர். கிராப்பின் வேலைப்பாடுகளை அவர் உடைத்தெறியவில்லை, மூடிவைத்தார். குடியிருப்பவர் வீட்டுச் சுவரை எப்படி நடத்த வேண்டுமோ அப்படி நடத்தினார் என்று சொல்லலாம். அந்தப் பக்குவம் அரை நூற்றாண்டு கழித்துப் பெரிய உதவியாக அமைந்தது.

1950ஆம் ஆண்டு அரங்கு தொலைக்காட்சிக்கு மாறி, ‘ஸ்டூடியோ 50’ ஆனது. பக்கத்துத் தெருவில் சிபிஎஸ் வைத்திருந்த இன்னொரு பழைய கொட்டகைக்கு ‘ஸ்டூடியோ 52’ என்று பெயர். அதை சிபிஎஸ் 1970களில் கைவிட்டது. 1977ஆம் ஆண்டு அங்கு திறக்கப்பட்டதுதான் ‘ஸ்டூடியோ 54’ என்ற புகழ்பெற்ற இரவு விடுதி. தொலைக்காட்சி விட்டுச்செல்லும் கட்டடம் என்னவாகும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பத்திரிகையாளரான எட் சலிவனின் ஞாயிறு இரவு நிகழ்ச்சி 1948ஆம் ஆண்டு வேறோர் அரங்கில் தொடங்கியது. 1953ஆம் ஆண்டு ஸ்டூடியோ 50க்கு இடம் மாறியது. அவருக்குப் பாட்டும் வராது, நடிப்பும் வராது. கேமரா முன் விறைத்து நிற்பார். ஆனால் யாரை மேடையேற்ற வேண்டும் என்று தெரிந்தவர்.

1964 பிப்ரவரி 9ஆம் தேதி இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு அந்த மேடையில் பாடியது. கூடத்தில் இருந்த இருக்கைகள் 728. நுழைவுச்சீட்டு கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 50,000. வீடுகளில் பார்த்தவர்கள் 73 மில்லியன் பேர் எனக் கணக்கிடப்பட்டது.

அந்த 728 என்ற எண் கவனிக்கத்தக்கது. நாடக அரங்காக இருந்தபோது ஏறத்தாழ 1,200 இருக்கைகள் இருந்தன. தொலைக்காட்சி வந்ததும் கேமராக்கள் நகர இடம் வேண்டும், விளக்குகளுக்கும் ஒலிவாங்கிக் கம்பங்களுக்கும் இடம் வேண்டும். பார்வையாளர் பின்னுக்குத் தள்ளப்படுவார். இன்று அதே கூடத்தில் ஏறத்தாழ 400 பேர்தான் அமரலாம். பார்ப்போர் எண்ணிக்கை பெருகப் பெருக, உள்ளே உட்காருவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நிகழ்ச்சி இருபதாம் ஆண்டில் இருந்தபோது, 1967 டிசம்பர் 10ஆம் தேதி, அரங்குக்கு எட் சலிவன் பெயர் சூட்டப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லை. குடியிருப்பவர் தன் வீட்டு மனிதரின் பெயரை வாடகை வீட்டின் வாசலில் எழுதிய கதைதான். 1971ஆம் ஆண்டு சிபிஎஸ் அந்த நிகழ்ச்சியை நிறுத்தியது. 1974ஆம் ஆண்டு சலிவன் மறைந்தார். வினாடி வினா நிகழ்ச்சிகள் சில காலம் நடந்தன. 1981ஆம் ஆண்டு குத்தகை முடிந்தது. சிபிஎஸ் போய்விட்டது, பெயர் மட்டும் வாசலிலேயே தங்கிவிட்டது.

நான்கரை மில்லியன் டாலர்

அடுத்த 12 ஆண்டுகளில் அரங்கை வேறு நிறுவனங்கள் படப்பிடிப்புக்குப் பயன்படுத்தின. ‘கேட் அண்ட் ஆலி’ என்ற நகைச்சுவைத் தொடர் இங்குதான் எடுக்கப்பட்டது. கட்டடத்தின் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது.

இடையில் ஒரு முக்கியமான நிகழ்வு. 1988 ஜனவரியில் நியூயார்க் நகரின் மரபுடைமைச் சின்னங்கள் ஆணையம், அரங்கின் உட்புறத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. வெளிப்புறத்தை அல்ல, உட்புறத்தை. நியூயார்க் சட்டத்தில் இரண்டும் தனித்தனி. வழக்கமாகப் பொதுமக்கள் வந்துபோகும் கூடமாக இருந்தால் மட்டுமே உட்புறத்துக்கு அந்தத் தகுதி கிடைக்கும். கிடைத்துவிட்டால், குவிமாடத்தையோ சுவர் வேலைப்பாட்டையோ சன்னலையோ ஆணையத்தின் அனுமதியில்லாமல் உரிமையாளரே தொட முடியாது. இத்தகைய கட்டுப்பாடு சந்தையில் எந்தக் கட்டடத்தின் கவர்ச்சியையும் குறைக்கும். இடித்துவிட்டுக் கோபுரம் கட்ட நினைப்பவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

1992 மே மாதம் என்பிசி தொலைக்காட்சியில் ஜானி கார்சன் ஓய்வுபெற்றார். அவர் இடம் தனக்கே என்று எதிர்பார்த்திருந்த டேவிட் லெட்டர்மனைத் தாண்டி, அது ஜே லெனோவுக்குப் போனது. 1993 ஜனவரியில் லெட்டர்மன் சிபிஎஸ்ஸுக்கு மாறுவது உறுதியானது. ஆண்டுக்கு 14 மில்லியன் டாலர் சம்பளம் என்று ஊடகங்கள் எழுதின. என்பிசியில் அவர் நிகழ்ச்சி நடந்தது ராக்கஃபெல்லர் சென்டரில். சிபிஎஸ்ஸிடம் நியூயார்க்கில் அதற்கு ஈடான, பார்வையாளர் அமரும் அரங்கு இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய ஸ்டூடியோ வளாகம் இருந்தது. நிகழ்ச்சியை அங்கு கொண்டுபோகும் யோசனையும் எழுந்தது. நியூயார்க்கிலேயே நடத்துவதென்றால் உடனடியாக இடம் வேண்டும்.

அந்த நிலையில்தான் சிபிஎஸ் தன் பழைய வாடகை வீட்டுக் கதவைத் தட்டியது. இம்முறை வாடகை பேசவில்லை. வின்த்ரோப் ஃபைனான்ஷியல் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து கட்டடத்தையே 4.5 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

தொகுப்பாளரின் ஓராண்டுச் சம்பளம் 14 மில்லியன். பிராட்வேயின் நடுவில் ஓர் அரங்கின் விலை 4.5 மில்லியன், அதாவது அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதரைப் பிடிப்பதற்கு இவ்வளவு செலவழித்துவிட்டு, அவர் நிற்க வேண்டிய மேடையை அடுத்தவர் கையில் விட்டுவைப்பது விவேகமாகாது.

வாடகையில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண அலுவலகத்தைக் காலி செய்யும்போது மேசை நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஸ்டூடியோ அப்படியன்று. மின்தடம், குளிரூட்டும் குழாய்கள், ஒலித்தடுப்பு, விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டங்கள், கட்டுப்பாட்டு அறை என்று போட்ட பணத்தில் பெரும்பங்கு சுவரோடும் கூரையோடும் ஒட்டிக்கொள்கிறது. குத்தகை முடிந்தால் அது வீட்டுக்காரருக்குப் போகும். எவ்வளவு அதிகம் செலவழித்து மாற்றியமைக்கிறோமோ, அவ்வளவுக்கு வாடகைக்காரரின் பேரம் பேசும் பலம் குறைகிறது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

சிபிஎஸ் வாங்கிய மூன்றாண்டுகளில் போட்டி நிறுவனமும் அதே முடிவுக்கு வந்தது. 1933ஆம் ஆண்டு முதல் ராக்கஃபெல்லர் சென்டரில் வாடகைக்கு இருந்த என்பிசி, தான் பயன்படுத்திய பகுதிகளை 1996ஆம் ஆண்டு தன் தாய் நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக் வழியாகச் சொந்தமாக்கிக்கொண்டது. விலை 440 மில்லியன் டாலர். அந்தத் தொகையோடு ஒப்பிட்டால் சிபிஎஸ் கொடுத்தது சில்லறை.

அரங்கைப் புதுப்பிக்கச் சில மாதங்களே இருந்தன. கட்டடத்தில் இருந்த மற்ற வாடகைக்காரர்கள் நான்கு வாரத்தில் காலி செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். பழைய வாடகைக்காரர் வீட்டுக்காரராகத் திரும்பிவந்து செய்த முதல் வேலை அது. ஜேம்ஸ் போல்ஷெக்கின் கட்டடக்கலை நிறுவனம் பணியை ஏற்றது. தெருச் சத்தம் உள்ளே வராமல் இருக்க வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் கழற்றப்பட்டன. திறப்புகள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட பொருள் என்பதால் அவற்றைத் தூக்கியெறிய வழியில்லை. பட்டியலிட்டுக் கிடங்கில் வைத்தார்கள். குவிமாடத்தைக் குளிரூட்டும் குழாய்களும் ஒலித்தடுப்புகளும் மறைத்தன.

1993 ஆகஸ்ட் 30ஆம் தேதி லெட்டர்மன் அங்கிருந்து முதல் நிகழ்ச்சியை வழங்கினார். கூடத்தை எப்போதும் குளிரக் குளிர வைத்திருப்பார்; கோடையிலும் பார்வையாளர்கள் மேலங்கியுடன் வருவதுண்டு. அரங்கோடு நிற்காமல், சுற்றியிருந்த தெருவையே அவர் நிகழ்ச்சிக்குள் இழுத்துக்கொண்டார். 53ஆம் தெருவின் சிறிய உணவுக்கடை, அருகில் நினைவுப்பொருள் கடையில் வேலை பார்த்த பங்ளாதேஷ் நாட்டவர் இருவர் எனப் பலர் அமெரிக்கா முழுவதும் அறிந்த முகங்களானார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெற்காசிய முகங்களைக் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. 2009 ஜூலை 15ஆம் தேதி பால் மெக்கார்ட்னி அரங்கு வாசலின் விதானத்தின் மேல் ஏறிநின்று பாடினார். பீட்டில்ஸ் பாடிய இடத்துக்கு வெளியே, 45 ஆண்டுகள் கழித்து, கீழே பிராட்வே நிறைந்த கூட்டம்.

சன்னல்கள் திரும்பின

2015 மே 20ஆம் தேதி லெட்டர்மன் விடைபெற்றார். அடுத்தடுத்த நாள்களில் அவருடைய மேடைப் பொருள்கள் தெருவோரக் குப்பைத் தொட்டிகளுக்கு வந்தன. ரசிகர்கள் அவற்றிலிருந்து பலகைத் துண்டுகளைப் பொறுக்கிச் சென்றார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளின் அலங்காரம் அந்தத் தொட்டிகளுக்குப் போனதற்கும், 1927ஆம் ஆண்டின் சன்னல்கள் கிடங்கில் பத்திரமாக இருந்ததற்கும் காரணம் ஒன்றுதான். முன்னதைச் சட்டம் பாதுகாக்கவில்லை.

கோல்பேருக்காக அரங்கு மறுபடியும் திருத்தப்பட்டது. தொழில்நுட்பம் மாறியிருந்ததால் கருவிகள் சிறுத்துவிட்டன. கூரையை மறைத்த குழாய்களும் தடுப்புகளும் அகற்றப்பட்டன. குவிமாடம் வெளியே தெரிந்தது. கிடங்கிலிருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் மீண்டும் தம் இடங்களுக்கு வந்தன. ஆர்தர் ஹாமர்ஸ்டைன் தந்தைக்காக அமைத்த கூடம் ஏறத்தாழ அதே கோலத்தில் பார்வையாளர் கண்ணுக்குப் பட்டது. 2015 செப்டம்பர் 8ஆம் தேதி கோல்பேரின் நிகழ்ச்சி தொடங்கியது.

கொவிட்-19 காலத்தில் கூடம் மூடிக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் மாதம் கோல்பேர் கட்டடத்துக்குத் திரும்பினார், ஆனால் மேடைக்கு அல்ல. அவருடைய அலுவலக அறையைப் போல அமைத்த சிறிய இடத்திலிருந்து, பார்வையாளர் இல்லாமல் பேசினார். 2021 ஜூன் 14ஆம் தேதி இருக்கைகள் மீண்டும் நிறைந்தன. அந்தப் 15 மாதங்களும் கூடத்துக்கு மாதவாடகை கேட்டு எவரும் வரவில்லை. சொந்த இடத்தின் அருமை புரிந்த காலம் என்று அதைச் சொல்லலாம்.

விற்பவர்களின் காலம்

இதற்கிடையே சிபிஎஸ் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது. 1952ஆம் ஆண்டு தானே கட்டித் திறந்த லாஸ் ஏஞ்சலிஸ் ‘டெலிவிஷன் சிட்டி’ வளாகத்தை 750 மில்லியன் டாலருக்கு விற்பதாக 2018 டிசம்பரில் அறிவித்தது. விற்ற பிறகும் சில நிகழ்ச்சிகளை அதே வளாகத்தில் நடத்தியது, வாடகைக்காரராக. 2021ஆம் ஆண்டு நியூயார்க்கில் ‘பிளாக் ராக்’ என்று அழைக்கப்படும் தலைமையகக் கட்டடம் 760 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டூடியோ சிட்டியில் இருந்த இன்னொரு படப்பிடிப்பு வளாகம் 1.85 பில்லியன் டாலருக்குப் போனது.

ஒளிபரப்பு வருவாய் சுருங்கும்போது நிலத்தைப் பணமாக்குவது உலகெங்கும் நடக்கிறது. லண்டனில் பிபிசி தனது டெலிவிஷன் சென்டரை 2012ஆம் ஆண்டு 200 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. பிறகு அதன் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கால்டிகாட் ஹில் நினைவுக்கு வரலாம். மீடியாகார்ப் ஒன்-நார்த் பகுதிக்கு இடம்பெயர்ந்த பிறகு, அந்தக் குன்றின் நிலம் 2020 இறுதியில் 280.9 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டது.

1936ஆம் ஆண்டில் சிபிஎஸ் வாடகைக்கு எடுத்ததும், 1993ஆம் ஆண்டில் வாங்கியதும், 2018க்குப் பிறகு மற்றவற்றை விற்றதும் ஒரே கணக்கின் மூன்று விடைகள். நாளை என்ன தயாரிப்போம் என்று உறுதி இல்லாதபோது வாடகை. ஒரே நிகழ்ச்சி பல்லாண்டு ஓடும் என்ற நம்பிக்கை வந்தால் சொந்தம். நம்பிக்கை தளர்ந்தால் விற்பனை. லெட்டர்மனுக்காக வாங்கியது வெற்றிகரமான கணக்கு என்பதில் ஐயமில்லை. 4.5 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய அரங்கில், வாரநாள் நிகழ்ச்சி ஒன்று முப்பதாண்டுகளுக்கு மேல் நடந்தது.

கோல்பேரின் நிகழ்ச்சியை நிறுத்துவதாகச் சொன்னபோது, ‘தி லேட் ஷோ’ என்ற பெயரையே முடித்துக்கொள்வதாக சிபிஎஸ் கூறியது. வேறொரு தொகுப்பாளர் அந்த நாற்காலியில் அமரப்போவதில்லை. சில வாரங்களில், 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி, சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது.

எட் சலிவன் பெயர் தாங்கிய கூடத்தை உரிமையாளர் வேறு நிகழ்ச்சிக்குக் கொடுக்கலாம், மீண்டும் நாடகத்துக்கு விடலாம், டெலிவிஷன் சிட்டியைப் போல விற்கவும் செய்யலாம். உள்ளே இருக்கும் குவிமாடத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் 1988ஆம் ஆண்டின் ஆணை காக்கிறது. கட்டடம் யார் கைக்குப் போனாலும் அந்த ஆணையும் கூடவே போகும். வெளிப்புறத்துக்கு அத்தகைய ஆணை எதுவும் இல்லை.